இன்னும் ஒரு சீசன்

நவம்பர் 15, சனிக்கிழமை சாயங்காலம். லீவுக்கு மரக்காணம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். அப்பா திண்ணையில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனை வைத்துக்கொண்டிருந்த என் மகன் கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

“தாத்தா! தோனி இருக்காரு! லிஸ்ட் வந்துடுச்சு!”

2026 ஐ.பி.எல்.லுக்கு எந்தெந்த அணி யார் யாரை வைத்துக்கொள்கிறது என்ற பட்டியல். சென்னையின் பட்டியலில் தோனி இருந்தார். 44 வயது.

“அப்ப இன்னும் ஒரு வருஷம்” என்றார் அப்பா. முகம் முழுக்கச் சிரிப்பு.

“ஆனா ஜடேஜா இல்ல தாத்தா. ராஜஸ்தானுக்குக் கொடுத்துட்டாங்க. சஞ்சு சாம்சன் வர்றாரு.”

“யாரு, தோனி தூக்கினானே, அந்தப் பையனா?” தைலப் பாட்டிலை மூடாமல் அப்படியே வைத்துவிட்டார். “அவனயா அனுப்பிட்டாங்க?”

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: “அவங்க யார வேணா வெச்சுக்கட்டும். தையில பாத்தி மிதிக்கக் கூப்புடுவாங்க. நீங்க போகப் போறீங்களா இல்லியா, அத முதல்ல சொல்லுங்க.”

அப்பா பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இது மூன்று வருஷமாக ஓடுகிற வழக்கு. அதில் நான் அம்மா கட்சி. தோனி விஷயத்தில் மட்டும் அப்பா கட்சி. இதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் 2008 முதல் சி.எஸ்.கே. அந்த முதல் இறுதிப் போட்டியிலேயே ராஜஸ்தானிடம் கடைசிப் பந்தில் தோற்று அழுதவள். அதற்குப் பிறகு எத்தனை பைனல்! சென்னை ஆடிய 16 சீசன்களில் 10 முறை இறுதிக்கு வந்திருக்கிறது. ஐந்தில் கோப்பை, ஐந்தில் கண்ணீர். வேறு அணிக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். ஐந்து பைனல் தோற்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. 2019இல் ஹைதராபாத்தில் மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் போனது. வாட்சன் முட்டியில் ரத்தம் வழிய வழிய 80 ரன் அடித்தும் போனது. அந்த ஒரு ரன்னை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

ஜெயித்ததில் எனக்குப் பிடித்தது 2010. மும்பைக்காக பொல்லார்ட் வெளுத்துக்கொண்டிருந்தார். தோனி, பந்து போடுகிறவருக்கு நேர் பின்னால், யாரும் ஆள் நிறுத்தாத இடத்தில் ஹேடனைக் கொண்டுபோய் நிறுத்தினார். பொல்லார்ட் அங்கேயே அடித்தார், ஹேடன் பிடித்தார். “தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு பாத்துட்டு மடை வெட்டற மாதிரி” என்றார் அப்பா. அதுவரை கிரிக்கெட் என்றால் சத்தத்தைக் குறை என்பவர், அன்றிலிருந்து தோனி ஆள்.

ஆனால் எங்கள் வீட்டில் பைனல் என்றால் அது 2023தான்.

அந்த மே மாதம் எங்கள் பக்கத்துக்கு நல்ல மாதமாக இல்லை. மே நடுவில் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து, பத்துப் பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். ஊரில் யாரும் சத்தமாகப் பேசிக்கொள்ளக்கூட இல்லை. ஸ்கூல் லீவுக்கு மகனோடு வந்திருந்தேன். மே 28 ஞாயிற்றுக்கிழமை அகமதாபாத்தில் நடக்க வேண்டிய பைனல் மழையில் நடக்கவே இல்லை. மறுநாளுக்குத் தள்ளிப் போனது. அந்த வருஷம் ஜியோசினிமாவில் இலவசம் என்பதால், செம்பில் போனைச் சாய்த்துவைத்து அப்பா, நான், மகன் மூன்று பேரும் பாயில் உட்கார்ந்துவிட்டோம்.

குஜராத் 214 அடித்தது. அதில் 96 ரன் நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன் அடித்தது. வயிற்றெரிச்சலையும் பெருமையையும் ஒரே ராத்திரியில் கொடுத்தார். சென்னை இறங்கி மூன்று பந்துதான், மறுபடி மழை.

மழை நின்ற பிறகு ஸ்பாஞ்ச் வைத்துத் தரையை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா போனுக்கு மிக அருகில் குனிந்து பார்த்தார். உலகத்திலேயே பெரிய கிரிக்கெட் மைதானம் என்று மகன் சொல்லியிருந்தான். “இம்மாம் பெரிய இடத்துல ஸ்பாஞ்சா!” என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “தார்ப்பாய் போட்டு மூட அவங்களுக்கு ஆள் இருக்கு. பாத்தியில இருக்கற உப்ப யாரு மூடறது?” என்றார்.

உப்பளம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அள்ளிக் குவித்த உப்புக்குத்தான் ஓலை போட்டு மூட முடியும். பாத்தியில் விளைந்து கிடக்கிற உப்பின் மேல் கோடை மழை ஒன்று விழுந்தால், அத்தனை நாள் வெயிலும் உழைப்பும் கரைந்து தண்ணீராகிவிடும். திரும்ப முதலிலிருந்து. கடலோரத்தில் மே மாத மழையை ரசிக்கிறவர்கள் உப்பளத்தில் வேலை செய்யாதவர்கள்.

நள்ளிரவு தாண்டி மறுபடி ஆட்டம். 15 ஓவரில் 171. கான்வே, ரகானே, ராயுடு என்று ஆளுக்குக் கொஞ்சம் அடித்தார்கள். தோனி வந்தார். அது அவருடைய 250ஆவது ஐ.பி.எல். போட்டி. முதல் பந்திலேயே அவுட். என் மகன் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டான். அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். மோகித் சர்மா அதுவரை அருமையாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஜடேஜா ஒரு சிக்ஸ். பிறகு காலுக்குப் பக்கம் வந்த பந்தைத் தட்டிவிட்டு ஒரு ஃபோர். தோனி வெளியே கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைக் காட்டினார்கள். பிறகு ஜடேஜாவை அப்படியே இடுப்போடு தூக்கினார். எங்கள் தெருவில் நாலைந்து வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. அந்த மாதத்தில் நான் கேட்ட முதல் சந்தோஷச் சத்தம் அதுதான்.

மணி ஒன்றரையைத் தாண்டிவிட்டது. அப்பா மூன்று மணிக்கு உப்பளத்துக்குக் கிளம்ப வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டுமே. “இனிமே படுத்து என்னத்த எழுந்திருக்கறது” என்று முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். தோனி பேசுகிற நேரம். எல்லோரும் எதிர்பார்த்தது ஓய்வு அறிவிப்பு. கோப்பையோடு போவதற்கு இதைவிட நல்ல ராத்திரி எது?

அவர் ஆங்கிலத்தில் பேசியதை அப்பாவுக்குச் சொன்னேன். “நன்றி சொல்லிட்டுப் போயிடறதுதான் ஈஸியாம்ப்பா. ஒன்பது மாசம் உழைச்சு, திரும்பி வந்து இன்னொரு சீசன் ஆடறதுதான் கஷ்டமாம். உடம்பு ஒத்துழைச்சா ஆடுவாராம்.”

“ஒன்பது மாசமா? சரியாத்தான் சொல்றான்” என்றார் அப்பா.

தை தொடங்கி புரட்டாசி வரைக்கும் எங்கள் உப்பு சீசனும் ஏறக்குறைய ஒன்பது மாசம்தான்.

துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போனார். ஏறி உட்காரவில்லை. முட்டியை மடக்கிப் பெடல் போட அவருக்கு அப்போதே கஷ்டம். இருட்டில் அந்த நடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான், ‘முட்டி வலித்தால் என்ன, இன்னும் ஒரு வருஷம் ஆடட்டும் சாமி’ என்று தோனிக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். அதே வாரம் மும்பையில் அவருக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்தது. அப்பாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக எங்களுக்கு ஐப்பசி ஆகிவிட்டது. தேய்மானம் என்றார் டாக்டர். உட்கார்ந்து எழுந்திருக்கிற வேலை கூடாது, உப்புத் தண்ணீரில் நிற்கக் கூடாது என்றார். வேறு என்ன வேலை தெரியும் என்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து “நிறுத்திடுப்பா” என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எப்போது நிறுத்துவது என்பது பெரிய ஆட்டக்காரர்களுக்கே குழப்பம்தான். அமெரிக்காவில் டாம் பிரேடி என்று ஒருவர். அவர்கள் ஊர் ஃபுட்பாலில் குவாட்டர்பேக். யாருக்குப் பந்தை எறிவது என்று அந்த நொடியில் முடிவெடுக்கிற ஆள், கிட்டத்தட்ட நம்ம தோனி வேலை. ஏழு சூப்பர் பவுல் ஜெயித்தவர். 2022 பிப்ரவரியில் ஓய்வு என்றார். 40 நாளில் திரும்பி வந்துவிட்டார். ஒரு வருஷம் ஆடி, 45 வயதில் மறுபடியும் ஓய்வு. இந்தத் தடவை நிஜம் என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. நம்ம சுனில் சேத்ரி 2024 ஜூனில் கொல்கத்தாவில் அழுதுகொண்டே விடைபெற்றார். அடுத்த மார்ச்சில் மறுபடி இந்தியாவுக்கு ஆடி, மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோலும் போட்டார்.

தோனி இவர்களைப் போல இல்லை. சொல்லாமல் போவார். 2014இல் மெல்போர்னில், தொடர் முடிவதற்குள்ளேயே டெஸ்ட் போதும் என்றார். 2019 உலகக் கோப்பை அரையிறுதி, அதுவும் மழையால் மறுநாளுக்குப் போன ஆட்டம். மான்செஸ்டரில் குப்தில் எறிந்த பந்தில் ரன் அவுட் ஆகித் தலையைக் குனிந்து நடந்தாரே, அதுதான் இந்தியாவுக்காகக் கடைசி என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஒரு வருஷம் கழித்து ஆகஸ்ட் 15ஆம் தேதி இன்ஸ்டாகிராமில் ஒரு பழைய இந்திப் பாட்டோடு முடித்துக்கொண்டார். சச்சினுக்கு வான்கடேயில் கிடைத்ததுபோல ஒரு வழியனுப்பல் இல்லை.

2021இல் சென்னையில் நடந்த பாராட்டு விழாவில் மட்டும், என் கடைசி டி20 சென்னையில்தான் இருக்கும், அது அடுத்த வருஷமா ஐந்து வருஷம் கழித்தா தெரியாது என்றார். ஐந்து வருஷம் என்றால் 2026. கூட்டிப் பார்க்காத சி.எஸ்.கே. ரசிகர் உண்டா?

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் சேப்பாக்கத்தில் பெங்களூருவுக்கு எதிராக, ஆட்டம் கையை விட்டுப் போன பிறகு, ஒன்பதாவது ஆளாக அவர் இறங்கியபோது எனக்குக் கோபம் வந்தது. முட்டி முன்புபோல இல்லை, பத்து ஓவர் ஓடி ஆட முடியாது என்று கோச் ஃப்ளெமிங் அடுத்த ஆட்டத்துக்குப் பிறகு விளக்கம் சொன்னார். முடியாது என்றால் ஏன் ஆட வேண்டும்? அந்த வருஷம் சென்னை கடைசி இடம், முதல் தடவையாக. நானே அன்று அப்பாவிடம் போனில், “போதும்ப்பா, தோனி நிறுத்திடலாம்” என்றேன்.

“ஒன்பதாவதா எறங்கினா என்ன? நானும் இப்ப உப்பு வாரறதில்ல. தண்ணி கட்டறதோட சரி. எந்தப் பாத்தி பதம், எது பதமில்லன்னு பாக்க ஆள் வேணாமா?” என்றார்.

கூலியும் அதற்கேற்ற மாதிரி குறைந்துவிட்டது. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. தோனி 2022இல் 12 கோடி. 2025இல் 4 கோடி. ஐந்து வருஷம் இந்தியாவுக்கு ஆடாதவரைச் சர்வதேச ஆட்டம் ஆடாத புதுப் பையன் கணக்கில் சேர்க்கலாம் என்ற விதியில் அவரை வைத்துக்கொண்டார்கள். இதை மகன் விளக்கியபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “வயசானா கூலி கொறையறது அங்கயும் உண்டா!”

தோனிக்கு 4 கோடி வந்தாலும் வராவிட்டாலும் சோறு உண்டு. ராஞ்சியில் பண்ணை இருக்கிறது, பைக் இருக்கிறது. உப்பளத்தில் மழை மூன்று மாசத்துக்கு அரசு தருகிற 5,000 ரூபாய் நிவாரணம் இருக்கிறது. மற்றபடி ஓய்வு என்று ஒரு நாள் கிடையாது, மாலை கிடையாது, பணிக்கொடை கிடையாது. தை பிறந்து பாத்தி மிதிக்க ஆள் கூப்பிடும்போது ஒருவர் போகாமல் இருந்துவிட்டால், அவர் நிறுத்திவிட்டார் என்று அர்த்தம்.

மாசாமாசம் நான் பணம் அனுப்புகிறேன் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. வாங்கி, பேரன் பேரில் போஸ்ட் ஆபீசில் போடுகிறார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா மறுபடி ஆரம்பித்தார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

“ஏன் பாப்பா, தோனி இந்த வருஷம் ஆடறது ஒனக்குச் சந்தோஷமா இல்லியா?”

“சந்தோஷம்தாம்ப்பா.”

“அவனுக்கும் முட்டிதான?”

நான் குழம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“மே மாசம் லீவுக்கு வருவீங்கல்ல?” என்றார்.

“வருவோம்ப்பா.”

“பைனல் எந்தத் தேதின்னு பையன விட்டுப் பாக்கச் சொல்லு. அன்னிக்கு மறுநாள் வேலைக்கு வரலன்னு மேஸ்திரிகிட்ட முன்னாடியே சொல்லிவெக்கறேன்.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். மகன் அதற்குள் போனை எடுத்துத் தேட ஆரம்பித்திருந்தான்.