ரீங்காரத்தின் ரகசியம்

எங்கள் தெருக் கோடியில் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். பல வருஷ காலம் பிறர் கடிதங்களுக்கு முத்திரை குத்திய கைகளுக்கு இப்போது ஒரே வேலை, பழைய இசைத்தட்டுகளைத் துடைத்துச் சுழல விடுவதுதான். அவருடைய பிள்ளை நல்லதோர் ஆம்பிளிபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கித் தந்திருக்கிறான். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் என்னை வழிமறித்து, "வாத்தியார் ஸார்! நீங்கள் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவர் ஆயிற்றே. இவ்வளவு செலவழித்தும் என் வீட்டுச் சங்கீதம் தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவது போல் இருக்கிறது. ஒரு நடை வந்து பார்க்கக் கூடாதா?" என்றார். சங்கீதமும் காபியும் சேர்ந்து அழைத்தால் மறுப்பது எப்படி? போனேன்.

முதலில் என் கண்ணில் பட்டது ஆம்பிளிபயர் அல்ல. சுவரில் செருகியிருந்த அதன் பிளக்தான். மூன்று பின் இருக்க வேண்டியதில் இரண்டே இருந்தன. தடித்த மூன்றாவது பின்னை யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள்.

"அதுவா? ஓயாமல் 'உம்' என்று ஓர் இரைச்சல் வந்து கொண்டிருந்தது. ரிப்பேர்காரர் ஒருவர் வந்தார், பின்னை அறுத்தார், இரைச்சல் போயிற்று. ஐந்தே நிமிஷ வேலை!" என்றார் போஸ்ட்மாஸ்டர், பெருமையுடன்.

அந்தச் சமயத்தில் அவருடைய மனைவி, விருந்தாளி வந்திருக்கிறாரே என்று, ஈரத் துணியும் கையுமாக வந்து ஆம்பிளிபயரின் இரும்பு மூடியைத் துடைக்கப் போனார். நான் தாவிச் சென்று ஸ்விட்சை அணைத்தேன். அந்த அம்மாள் திடுக்கிட்டு நின்று விட்டார்.

வாசகர்களே, மூன்றாவது பின் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. யந்திரத்தின் உலோகக் கூட்டைப் பூமியோடு இணைக்கும் எர்த் கம்பி அது. உள்ளே ஏதேனும் ஒரு மின்சாரக் கம்பி நழுவிக் கூட்டைத் தொட்டு விட்டால், மின்சாரம் அந்த வழியே பாய்ந்து பியூஸை எரித்து விடும், வீட்டார் பிழைப்பார்கள். அந்தப் பின் இல்லையென்றால் கூடு 230 வோல்ட்டைத் தாங்கிக் கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கும். ஈரக் கையோடு தொடுகிறவர்தான் அப்போது பூமிக்குப் போகும் வழி.

ரிப்பேர்காரர் பொய் சொல்லவில்லை. பின்னை அறுத்ததும் இரைச்சல் போனது வாஸ்தவம். பலன் தரும் வைத்தியமாயிற்றே என்று பலரும் நம்பி விடுவதுதான் இதிலுள்ள அபாயம். நோய் வேறிடத்தில் இருந்தது.

கடையிலிருந்து புதிய பிளக் வாங்கி வந்து மாட்டினோம். சுவரிலுள்ள மூன்றாவது துவாரத்தில் உண்மையாகவே எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு சோதித்தோம். பழைய வீடுகளில் துவாரம் இருக்கும், கம்பி இராது! நல்ல வேளையாக இங்கே இருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் 'உம்' என்ற பழைய ரீங்காரம் திரும்பி வந்தது. போஸ்ட்மாஸ்டரின் முகம் வாடிற்று.

இனித்தான் பள்ளிக்கூடப் பாடம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியபின் காது கொடுத்துக் கேள். வால்யூமை முழுதும் குறைத்தேன், ரீங்காரமும் அடங்கிற்று. அடங்காதிருந்தால் குற்றம் ஆம்பிளிபயருக்குள்ளேயே இருக்கிறது என்று ஊகித்திருக்கலாம். அடங்கியதால், வெளியிலிருந்து வரும் கம்பிகளில் ஏதோ ஒன்று அதைக் கொண்டு வருகிறது என்று தெரிந்தது. எல்லாவற்றையும் பிடுங்கி விட்டு, ஒவ்வொன்றாக மாட்டினேன். இசைத்தட்டு யந்திரத்தை மாட்டினேன்; நிசப்தம். டெலிவிஷன் பெட்டியின் கம்பியை மாட்டினேன், 'உம்!' டெலிவிஷனுக்குள் நுழையும் கேபிள் கம்பியைக் கழற்றினேன், மறுபடி நிசப்தம்.

திருடன் அகப்பட்டான். கேபிள் கம்பியின் மேலுறை வெளியே எங்கோ ஓரிடத்தில் பூமியைத் தொடுகிறது. ஆம்பிளிபயர் வீட்டு எர்த் வழியாகத் தொடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே சொற்ப வோல்ட் வித்தியாசம் இருந்தாலும் போதும். இணைப்புக் கம்பிகளின் மேலுறையில் மின்சாரம் வட்டமிடும். வினாடிக்கு 50 முறை மாறும் அந்த மின்சாரத்தின் துடிப்பையும் ஆம்பிளிபயர் சங்கீதமென்று எண்ணிப் பெருக்கி விடுகிறது. கேபிள் கம்பிக்கு நடுவே மாட்ட 'ஐஸொலேட்டர்' என்ற சிறு கருவி கிடைக்கிறது. அதை மாட்டியதும் ரீங்காரம் ஒழிந்தது, எர்த்தும் நிலைத்தது.

தகர டப்பா விவகாரம் மிச்சமிருந்தது. ஸ்டீரியோ பழக்கத்துக்கு வருமுன் 1950-களில் வெளியான இசைத்தட்டு ஒன்றைப் போடச் சொன்னேன். அதில் இரு பக்கத்துக்கும் ஒரே ஒலிதான்; ஆகவே இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சரி நடுவில் உட்கார்ந்தால் குரல் நடுவிலிருந்து வர வேண்டும். இங்கே அது அறை முழுதும் சிதறிக் கிடந்தது. மிருதங்கத்தின் தொப்பி நாதமோ இருக்குமிடமே தெரியவில்லை. இடது ஸ்பீக்கரின் பின்புறம் பார்த்தேன். சிவப்பில் மாட்ட வேண்டிய கம்பி கறுப்பிலும், கறுப்பில் மாட்ட வேண்டியது சிவப்பிலும் இருந்தன. ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. கனத்த நாதங்கள் ஒன்றையொன்று விழுங்கி விடுகின்றன. ஸ்விட்சை அணைத்து, கம்பிகளை மாற்றி முறுக்கினேன். இழை ஒன்று பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்பிளிபயர் எரிந்து போகக் கூடும். ஆதலால் இந்த வேலையில் அவசரம் கூடாது.

பிறகு அலமாரி உச்சியிலிருந்த ஸ்பீக்கரையும், மூலையில் தரையில் கிடந்த மற்றதையும் எடுத்து, உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்துக்கு ஸ்டூல்களின் மேல் வைத்தோம். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, நாற்காலிக்கும் ஏறக்குறைய அவ்வளவே. சுவரை விட்டுச் சற்று முன்னே நகர்த்தினோம். மூலையில் ஒடுங்கிய ஸ்பீக்கர் கனத்த நாதத்தை மிதமிஞ்சிப் பெருக்கும்.

"இதைக் காட்டிலும் அதிக வாட் உள்ளதாக வாங்கலாமா?" என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டர். வேண்டாம் என்றேன். வாட் இரட்டித்தால் ஓசை 3 டெஸிபல்தான் உயரும். காதுக்கு அது சின்னப் படி ஒன்றே. இரு மடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்றவே சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது பணமல்ல, பொறுமை.

ஒரு விஷயம் மட்டும் மறக்க வேண்டாம். ஆம்பிளிபயரின் மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டென்ஸர்கள் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். வெளிக் கம்பிகளைச் சோதித்தும் குற்றம் தெரியாவிட்டால், தொழில் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். அவர் எர்த் பின்னை அறுக்க வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இசைத்தட்டு மறுபடி சுழன்றது. குரல் நடுவில் வந்து நின்றது. மிருதங்கம் தன் இடத்தில் உட்கார்ந்தது. போஸ்ட்மாஸ்டர் கண்ணை மூடிக் கொண்டார். அவர் மனைவி கதவருகே நின்று சற்று நேரம் கேட்டு விட்டு, கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியில் உலர்த்தப் போனார்.

"இனிமேல் உலர்ந்த துணிதான். அதுவும் ஸ்விட்சை அணைத்த பிறகுதான்" என்றார்.

அன்று எனக்குக் கிடைத்த காபி முதல் தரம்.