மலைவீதிகளின் பாதுகாப்பு தொடர்பான கோரிக்கை மனு

பணிப்பாளர் நாயகம்,
வீதி அபிவிருத்தி அதிகார சபை,
பத்தரமுல்லை.

பிரதிகள்: பிரதம செயலாளர், மத்திய மாகாணம், மாவட்டச் செயலாளர், கண்டி.

பொருள்: கண்டியை அண்டிய மலைவீதிகளில் மழைக்கு முந்திய பாதுகாப்பு வேலைகள்

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

2025 நவம்பர் 22ஆம் திகதி கொழும்பு – கண்டி வீதியின் பஹல கடுகண்ணாவையில் வீதியோரக் கடையொன்றின் மீது பாறையும் மண்ணும் சரிந்து 6 பேர் மாண்டனர். ஒரு வாரம் ஆவதற்குள் டித்வா புயல் வந்தது. கண்டி மாவட்டத்தில் மட்டும் 200க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கொட்டும் மழையில் மண் அள்ளி வழி திறந்த உங்கள் ஊழியர்களுக்கு எங்கள் சங்கம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. ஆனால், வழி திறந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை.

கொழும்பு – கண்டி வீதி 1820களில் மலையை வெட்டி அமைக்கப்பட்டது. வெட்டிய சரிவுக்கு மேலே நீர் ஓட வழியில்லாவிட்டால் அது மண்ணுக்குள் இறங்கி, மண்ணின் பிடியைத் தளர்த்திவிடும். வீதிக்குக் காபட் போட்டால் எல்லோருக்கும் தெரிகிறது. சரிவின் மேலுள்ள வடிகானைத் துப்புரவாக்கினால் யாருக்கும் தெரிவதில்லை. உயிரைக் காப்பது பெரும்பாலும் அந்த வடிகான்தான். வீதி உங்களுடையது, மேலுள்ள காணி வேறொருவருடையது, எச்சரிக்கை விடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். சரிவுக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டால் எங்களுக்கு விடை கிடைப்பதில்லை. ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை இது: அபாயச் சரிவு ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான பொறியியலாளர் ஒருவரை நியமித்து, மே மாதத் தென்மேல் பருவமழைக்கு முன்னரும் ஒக்டோபருக்கு முன்னரும் வடிகான், மதகு, தாங்குசுவர் யாவற்றையும் பரிசோதித்து, அறிக்கையைப் பிரதேச செயலகங்களில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டதும், மண் விழும்வரை காத்திராமல், வீதியை மூடும் அதிகாரம் யாருக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கடுகண்ணாவையில் வீதியை மூடினால் கம்பளை – ஹெம்மாத்தகம – மாவனல்லை வழியும் கலகெதர வழியும் முக்கிய மாற்று வழிகளாகின்றன. அவையும் மலைவீதிகளே, அவற்றையும் சேர்த்தே பராமரிக்க வேண்டும். மூடல் அறிவித்தல்கள் தமிழிலும் உடனுக்குடன் வர வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி.

2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற இ.போ.ச. பஸ் கொத்மலை கெரண்டிஎல்லயில் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நுவரெலியா – கம்பளை வீதியின் ஆபத்தான வளைவுகள் எல்லாவற்றிலும் உறுதியான இரும்புத் தடுப்பும் இரவில் ஒளிரும் பலகைகளும் வேண்டும். மக்கள் செத்த பிறகு அந்த ஒரு வளைவுக்கு மட்டும் தடுப்புப் போட்டால் போதாது.

கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை தோட்டப்புற வீதிகளின் நிலையை நேரில் வந்து பாருங்கள். தோட்டக் கம்பனி, பிரதேச சபை, மாகாண சபை என ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதால், பிரசவ வலியோடு வரும் தாய் குன்றும் குழியுமான பாதையில்தான் பிரதான வீதிக்கு இறங்குகிறாள். புயலில் சேதமான சிறு பாலங்களையும் மதகுகளையும் யார், எந்த நிதியில், எப்போது கட்டுவது என்று மாவட்டச் செயலாளர் தலைமையில் கூட்டம் கூட்டி முடிவெடுக்க வேண்டும். தோட்ட மக்களின் பிரதிநிதிகளும் அதில் இருக்க வேண்டும்.

அதிவேக நெடுஞ்சாலையின் மீரிகம – குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அந்த நெடுஞ்சாலை கண்டியை எட்டும் நாளை நாங்களும் ஆவலோடு எதிர்பார்க்கிறோம். அதற்காக, இருக்கும் வீதிகளின் பராமரிப்புப் பணத்தில் கைவைக்க வேண்டாம்.

ஒரு மாதத்துக்குள் தமிழில் எழுத்துமூலப் பதிலும், உங்கள் பொறியியலாளர்களுடன் கடுகண்ணாவையிலும் கம்பளையிலும் கூட்டுக் கள ஆய்வுக்கு ஒரு நாளும் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்