கணக்கில் வராத கோல்கள்

வங்கியில் ரிட்டையர்மெண்ட் நாள் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹாலில் நாற்காலி போடுவார்கள். சால்வை, மாலை, சமோசா, ஒரு சுவர்க் கடிகாரம். 35 வருஷம் லெட்ஜரைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காத மனுஷர் மைக்கைப் பிடித்ததும் அழுதுவிடுவார். அதற்கு முன்பே சாவி, நிலுவைக் கோப்பு என்று ஒவ்வொன்றாக எழுதி, அடுத்தவரிடம் சார்ஜ் ஒப்படைத்துக் கையெழுத்தும் வாங்கியிருப்பார். பியூன் ஆனாலும் சரி, மேனேஜர் ஆனாலும் சரி, இதில் மாற்றமில்லை.

2024 ஆகஸ்டில் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றபோது எனக்கு இந்த ஹால்தான் ஞாபகம் வந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கே தன் கடைசிப் போட்டி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம். கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்த அந்தப் படம் எல்லார் போனிலும் சுற்றியது. ஹாக்கி இந்தியா அவருடைய 16-ம் எண் ஜெர்ஸியை சீனியர் அணியில் இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது. ஜூனியர் அணியின் பயிற்சிப் பொறுப்பையும் அவரிடம் கொடுத்தார்கள். 2025 டிசம்பரில் சென்னை எழும்பூர் மைதானத்தில் அந்தப் பையன்கள் அர்ஜென்டினாவை ஜெயித்து ஜூனியர் உலகக் கோப்பை வெண்கலம் வாங்கினார்கள். சால்வையும் ஆச்சு, சார்ஜ் ஒப்படைப்பும் ஆச்சு. மனசு நிறைந்தது.

நிறைந்த மனசில் கூடவே ஒரு உறுத்தலும் வந்தது. தன்ராஜ் பிள்ளை.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்திருக்கும் நமக்கு அவர் கதை புதிதில்லை. புனே பக்கத்தில் கட்கி. அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ். அப்பா மைதானப் பராமரிப்பாளர். தமிழ்க் குடும்பம். உடைந்த மட்டைகளையும் தூக்கிப்போட்ட பந்துகளையும் வைத்து, சேறும் மண்ணுமான தரையில் அண்ணன்களோடு ஆடிக் கற்றுக்கொண்ட பையன். 1989 டிசம்பரில் ஆரம்பித்து 2004 ஆகஸ்ட் வரை இந்தியாவுக்காக 339 ஆட்டங்கள். ஒலிம்பிக் 4, உலகக் கோப்பை 4, சாம்பியன்ஸ் டிராபி 4, ஆசிய விளையாட்டு 4. அந்தத் தலைமுடி பறக்க அவர் வலது ஓரத்தில் பந்தோடு ஓடும்போது, ஹாக்கி விதிகள் தெரியாதவர்கள்கூட டிவி முன்னால் எழுந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எத்தனை கோல் போட்டார்? 170-க்கு மேல் என்று சொல்கிறார்கள். ஆனால் அப்போதிருந்த இந்திய ஹாக்கி சம்மேளனம் கோல் கணக்கை அதிகாரபூர்வமாக வைத்திருக்கவில்லை!

பி.காம் படித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் தெரியவில்லை. எங்கள் கிளையில் ஒரு ரூபாய் இடித்தாலும் அது எங்கே போனது என்று தெரியாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஒரு மனுஷன் 15 வருஷம் நாட்டுக்காக ஓடிப் போட்ட கோல்களை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவரை நடத்தியதும் அதே லட்சணத்தில்தான். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் கேப்டன். 32 வருஷம் கழித்துத் தங்கம். நியாயமாகத் தோளில் தூக்கி வைத்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த தொடரில் கேப்டனும் இல்லை, கூட ஆடிய பலரும் இல்லை. "ஓய்வு கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். ஆட்டக்காரர்களுக்குச் சேரவேண்டிய பணத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்ததுதான் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. வாயில்லாப் பூச்சியாக இருந்திருந்தால் நிம்மதியாக ஆடியிருப்பாரோ என்னவோ.

2003-ல் அவர் தலைமையில் இந்தியா முதல் முறையாக ஆசியக் கோப்பையை வென்றது. அடுத்த வருஷம் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் இருக்கும்போது பயிற்சியாளரை மாற்றினார்கள். அணிக்கு 7-வது இடம். தன்ராஜின் சர்வதேச ஆட்டம் அதோடு சரி.

"ஸ்ரீஜேஷ் பதக்கத்தோடு போனார், அதனால் மரியாதை. தன்ராஜிடம் ஒலிம்பிக் பதக்கம் ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2000 சிட்னியில் போலந்துக்கு எதிராகக் கடைசி இரண்டு நிமிடத்தில் விழுந்த கோலால் அரையிறுதி கைநழுவியது. ஆனால் ஜெயித்தவனுக்கு மட்டும் மாலை போடுவது வழியனுப்பு விழா இல்லை, பரிசளிப்பு விழா. எங்கள் வங்கியில் டெபாசிட் டார்கெட்டை எட்டாத மேனேஜருக்கும் சால்வை உண்டு. அது அவர் கொடுத்த வருஷங்களுக்கான மரியாதை.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியா தகுதியே பெறவில்லை. 1928-லிருந்து அப்படி நடந்ததே கிடையாது. தன்ராஜ் ஒருவர் இல்லாததால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அனுபவசாலியிடமிருந்து ஒழுங்காகச் சார்ஜ் வாங்கிக்கொள்ளாத எந்த ஆபீஸும் உருப்பட்டதில்லை. தன்ராஜ் என்னமோ தன் பங்கைச் செய்தார். மும்பையிலும் குஜராத்திலும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள்தான் அன்று கை நீட்டவில்லை.

ஸ்ரீஜேஷுக்குச் செய்ததைப் பாராட்டுகிறேன். அதே கையோடு ஹாக்கி இந்தியா இன்னொரு வேலையும் செய்யலாம். அந்த 339 ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட், பழைய செய்தித்தாள், கூட ஆடியவர்களின் ஞாபகம் எல்லாவற்றையும் திரட்டி, கோல் கோலாக எண்ணி, ஒரு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடலாம். அன்று ஆடியவர்களும் பார்த்தவர்களும் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

தன்ராஜுக்கு அந்த எண் இனி தேவைப்படாமல் இருக்கலாம். ஏதோ ஒரு குவார்ட்டர்ஸில், உடைந்த மட்டையோடு ஆடிக்கொண்டிருக்கும் பையனுக்குத் தேவை. அவன் போடும் கோலை யாரோ எழுதி வைக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?