பழைய கம்ப்யூட்டரைத் தள்ளி வைக்காதீர்கள்!

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். தையல் வேலை செய்து மகளைப் படிக்க வைக்கிறார்.

அந்த வீட்டில் ஒரு பழைய லேப்டாப் உண்டு. பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு இலவசமாகக் கொடுத்தது. அந்தத் திட்டம் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. அண்ணனுக்குக் கிடைத்த லேப்டாப்பில் இப்போது தங்கை படிக்கிறாள்.

சென்ற மாதம் அங்கே புதிய ரூட்டர் வந்தது. ஒயர் இல்லாமல் வீடு முழுவதும் இண்டர்நெட்டைப் பரப்பும் சிறிய பெட்டி அது. செல்போனில் உடனே இண்டர்நெட் வந்தது. லேப்டாப்பில் வரவில்லை.

ரூட்டர் மாட்ட வந்தவர் பார்த்தார். "இது பழசு அக்கா. இனிமேல் உதவாது. புதுசு வாங்கிடுங்க" என்றார். போய்விட்டார்.

அந்த அம்மாள் பதறிப் போனார். "கம்மலை அடகு வைக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

"வேண்டாம்" என்றேன். அரை மணி நேரத்தில் லேப்டாப் வேலை செய்தது. கம்மல் காதிலேயே இருக்கிறது!

யார் மீது குற்றம்?

மீடியம் வேவ் மட்டும் எடுக்கும் பழைய ரேடியோவில் எப்.எம். பாட்டு கேட்குமா? கேட்காது. அதனால் ரேடியோ கெட்டுவிட்டது என்று சொல்லலாமா? கூடாது. இங்கேயும் அதே கதைதான்.

வீட்டு ரூட்டர் பெரும்பாலும் இரண்டு அலைகளில் பேசும். ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். 2003-ல் வந்த "ஜி" ரக வைபைக்கு 2.4 மட்டுமே தெரியும். 2009-ல் வந்த "என்" ரகம் இரண்டிலும் பேசலாம். ஆனால், விலை குறைந்த பல கம்ப்யூட்டர்களில் 2.4 மட்டும் வைத்தார்கள்.

ரூட்டரில் 2.4 மூடி இருந்தால், பழைய கம்ப்யூட்டரில் உங்கள் வைபை பெயரே தெரியாது.

இன்னொரு கோளாறு, பூட்டு. வைபைக்கும் பூட்டு உண்டு. 2004-ல் வந்தது டபிள்யூ.பி.ஏ.2. 2018-ல் வந்தது டபிள்யூ.பி.ஏ.3. புதுப் பூட்டு மட்டும் போட்டிருந்தால், பழைய கம்ப்யூட்டரில் பெயர் தெரியலாம். பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டாலும் உள்ளே விடாது!

அந்த அம்மாள் வீட்டில் நடந்தது இதுதான்.

என்ன செய்யலாம்?

ரூட்டரின் அடியில் ஒரு சீட்டு ஒட்டி இருக்கும். அதில் ஒரு முகவரி இருக்கும். வைபையில் சேர்ந்த செல்போனில் அதை அடித்தால் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும்.

அங்கே 2.4 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டை "டபிள்யூ.பி.ஏ.2/டபிள்யூ.பி.ஏ.3" என்று இரண்டும் சேர்ந்ததாக மாற்றுங்கள். பழசும் புதுசும் ஒன்றாக உள்ளே வரும்.

அதற்கும் மசியவில்லையா? ஒரு லேன் ஒயர் வாங்குங்கள். ஒரு முனையை ரூட்டரிலும் மறு முனையை கம்ப்யூட்டரிலும் செருகுங்கள். அலையும் வேண்டாம், பூட்டும் வேண்டாம்.

ஒயர் இழுக்க வசதி இல்லை என்றால், யு.எஸ்.பி.யில் செருகும் கட்டை விரல் அளவு வைபை கருவி இருக்கிறது. சில நூறு ரூபாய்தான். உங்கள் கம்ப்யூட்டருக்குச் சேருமா என்று கேட்டு வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை

பழைய கம்ப்யூட்டருக்காகப் பூட்டே இல்லாமல் திறந்து போடாதீர்கள். "வெப்" என்ற மிகப் பழைய பூட்டும் வேண்டாம். அதைத் திருடர்கள் எளிதில் உடைத்து விடுவார்கள். ஒரு கம்ப்யூட்டருக்காக வீட்டு வாசலையே திறந்து வைக்கலாமா?

இன்னொன்று. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ந் தேதியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆகவே அவற்றில் பாங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். பாடம் படிக்கட்டும். கட்டுரை எழுதட்டும். பண விஷயம் வேண்டாம்.

கடைசி வார்த்தை

புதுசு வாங்குவது தவறு அல்ல. வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். ஆனால், இரண்டு செட்டிங்ஸைப் பார்க்கச் சோம்பல்பட்டு, ஏழைத் தாயைப் பார்த்து "புதுசு வாங்கு" என்று சொல்வது என்ன நியாயம்?

ரூட்டர் மாட்டுவது பாதி வேலைதான். வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளிலும் இண்டர்நெட் வந்தால்தான் வேலை முடிந்தது. மாட்ட வருகிறவரிடம், "இந்தப் பழசையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போங்க தம்பி" என்று சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். பணம் கொடுப்பவர் நீங்கள்!

கம்ப்யூட்டர் பழசாக இருக்கலாம். அதில் படிக்கும் பிள்ளையின் பாடம் பழசு அல்ல.