வேற்றுலகத்தாரும் விண்ணப்பப் படிவங்களும்

ஆங்கிலத்தில் 'ஏலியன்' என்னும் சொல் விண்வெளியிலிருந்து வருபவனை மட்டும் குறிப்பதன்று. அந்நிய நாட்டவனுக்குச் சட்டம் இட்ட பெயரும் அதுவே. குடிவரவைக் கட்டுப்படுத்தவெனப் பிரித்தானியா 1905ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்திற்கு 'ஏலியன்ஸ் சட்டம்' என்றே பெயர். ஆகவே விஞ்ஞானப் புனைகதைப் படங்களைப் பார்க்கையில், வந்தவன் பக்கமா, இருந்தவன் பக்கமா எமது பக்கம் என்ற ஐயம் எம்மவர்க்கு எழுவது இயல்பே. அண்மையில் பார்த்த சில படங்களை அந்த ஐயத்தோடுதான் பார்த்தேன்.

முதலாவது, 2009இல் வெளிவந்த 'டிஸ்ட்ரிக்ட் 9'. நெறியாளர் நீல் புளோம்காம்ப் தென்னாபிரிக்காவிற் பிறந்தவர். 1982இல் ஜொகன்னஸ்பேர்க் நகரின் மேல் ஒரு விண்கலம் வந்து அசையாது நிற்கிறது. உள்ளே மெலிந்து கிடந்த வேற்றுலகத்தாரைக் கீழே இறக்கி ஒரு முகாமில் குடியிருத்துகிறார்கள். முகாம் சேரியாகிறது. நகரத்தவர் அவர்களை 'இறால்' என்று இகழ்கிறார்கள். இருபது வருடங்களுக்கு மேல் கழிந்தபின், தொலைவில் வேறொரு முகாமுக்கு அவர்களை அகற்றும் பொறுப்பு ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படுகிறது.

விக்கஸ் என்னும் அதிகாரி படிவக் கட்டுடன் குடிசை குடிசையாக ஏறி இறங்குகிறான். வெளியேறச் சம்மதம் என்று ஒவ்வொருவரிடமும் கையொப்பம் பெற வேண்டும். சட்டம் என்றால் சட்டம் அல்லவா! ஒருவன் சினந்து படிவத்தைத் தட்டிவிட, அதில் விழுந்த கீறலையே கையொப்பமாகக் கணக்கெடுத்துக்கொண்டு அடுத்த குடிசைக்குப் போகிறான் விக்கஸ். படம் பார்ப்போர் சிரிக்கும் இடம் இது. விளங்காத மொழியில் அச்சிட்ட தாளில், விரல் சுட்டிய இடத்தில் ஒப்பமிட்டுப் பழகியவர்களுக்குச் சிரிப்பு உடனே வராது. அதுபோலவே, கதையின் முக்கிய வேற்றுலகத்தானின் பெயர் கிறிஸ்தோபர் ஜோன்சன். பெற்றோர் இட்ட பெயராக இருக்க வழியில்லை. படம் அதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, மனைவிக்கொரு பெயரும் பிள்ளைக்கொரு பெயருமாக அட்டை வைத்திருக்கும் எமக்கு எவரும் சொல்லவும் வேண்டியதில்லை.

படத்தின் பெயர் கேப்டவுன் நகரின் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பகுதியை நினைவூட்டுவது. 1966இல் அப்பகுதி வெள்ளையருக்குரியது என அறிவிக்கப்பட்டு, காலப்போக்கில் 60,000க்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டனர். ஆனால் இன்னுமொரு செய்தி இதைவிட என்னை உறுத்தியது. இப்படத்திற்கு மூலமான குறும்படத்தில் தெருவில் நிற்கும் மக்கள் வேற்றுலகத்தாரைப் பற்றி முகஞ்சுளித்துப் பேசுகிறார்கள். உண்மையில் அவர்களிடம் கேட்கப்பட்டது, சிம்பாப்வே முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றி! வசனம் எழுத வேண்டிய தேவையே நெறியாளருக்கு இருக்கவில்லை. 2008 மே மாதத்தில் தென்னாபிரிக்காவில் குடியேறியோருக்கு எதிராக மூண்ட வன்முறையில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இத்தனை அறிந்த படம் நைஜீரியரை மட்டும் கொள்ளையராகவும் மாந்திரீகராகவும் காட்டுவது பெருங்குறை. நைஜீரிய அரசு தன் நாட்டில் இதைத் திரையிடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதிற் பிழை காண மாட்டேன். பின்பாதியில் வெடிச்சத்தமும் சற்று அதிகம்.

'அரைவல்' (2016) வேறு வகை. டெனி வில்நேவ் நெறிப்படுத்தியது. டெட் சியாங் எழுதிய சிறுகதையைத் தழுவியது. பன்னிரண்டு விண்கலங்கள் உலகின் பல பாகங்களில் வந்து நிற்க, வந்தவர்களுடன் பேச மொழியியலாளரான ஒரு பெண் அழைக்கப்படுகிறாள். மொழிபெயர்ப்பாளரைக் கதாநாயகியாக்கிய படம்! போருக்கான ஒரு சமஸ்கிருதச் சொல்லின் பொருள் 'மேலும் பசுக்களை விரும்புதல்' என்று அவள் ஓரிடத்திற் கூறுகிறாள். ஆநிரை கவரும் வெட்சியில் போரைத் தொடங்கும் எம் இலக்கணம் படித்தோர்க்கு அது புதுமையன்று.

வந்தவர்கள் காட்டிய ஒரு குறியை 'ஆயுதம்' என்று வாசிப்பதா, 'கருவி' என்று வாசிப்பதா என்பதில் உலகமே போரின் விளிம்புக்கு வருகிறது. அகதி விசாரணை அறையில் இருந்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது. 'தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்' என்று ஒரு தாய் சொல்கிறாள். அது கைதா, கடத்தலா? மொழிபெயர்ப்பாளர் எந்தச் சொல்லைத் தெரிகிறாரோ அதுவே கோவையில் ஏறும். பிறகு கேள்விகள் அந்தச் சொல்லிலிருந்தே பிறக்கும். அடுத்த விசாரணையில் அவள் வேறு சொல்லால் விளக்கினால் முரண்பாடு என்று குறிக்கப்படவும் கூடும். படத்திலுள்ள பெண்ணோ அவசரப்படும் படையதிகாரியிடம், முதலில் சிறு சொற்களைக் கற்பிக்க அவகாசம் வேண்டுமென்று வாதாடிப் பெறுகிறாள். எம்மவர்க்கு அப்படி வாதாட யார் இருந்தார்கள்? முடிவில் ஒரே தொலைபேசி அழைப்பில் போர் நிற்பது மட்டும் எனக்குச் செரிக்கவில்லை.

'சில்ட்ரன் ஒஃப் மென்' (2006) பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பதினெட்டு வருடங்களாகப் பிள்ளைகளே பிறவாத, அகதிகளைக் கூண்டிலடைக்கும் 2027ஆம் ஆண்டு இங்கிலாந்தைக் காட்டுகிறது. குழந்தையின் அழுகை கேட்டுத் துப்பாக்கிகள் சில கணங்கள் ஓயும் காட்சி ஒன்றுக்காகவே பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம் என்பவர்கள் பார்க்காமலும் விடலாம். நானும் இன்னொருமுறை பார்ப்பேனோ தெரியாது.

ருஷ்ய நெறியாளர் தார்கோவ்ஸ்கியின் 'சொலாரிஸ்' (1972) இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுவது. முதற்பாதி பொறுமையைச் சோதிக்கும். கார் ஒன்று நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டே இருக்கிறது, தோக்கியோவில் எடுத்தார்களாம். ஆயினும் கடைசிக் காட்சிவரை இருங்கள். நினைவுகளைப் படித்து உருவம் கொடுக்கும் ஒரு கடற்கிரகம், விண்வெளி சென்றவனுக்கு அவனுடைய தகப்பன் வீட்டை அப்படியே செய்து கொடுக்கிறது. ஒன்று மட்டும் தவறிவிடுகிறது: மழை வீட்டின் உள்ளே பெய்கிறது. தகப்பன் அதைக் கவனியாமல் நனைந்தபடி நிற்கிறார்.

'டிஸ்ட்ரிக்ட் 9' படத்தில் இரத்தமும் தூஷணமும் மலிந்திருப்பதால் சிறு பிள்ளைகள் உறங்கியபின் பாருங்கள். 'அரைவல்' படத்தை வளர்ந்த பிள்ளைகளுடன் இருந்து பார்க்கலாம். 'சொலாரிஸ்' வயதானவர்களுக்கு, தேநீர் அருகில் இருக்கட்டும்.