காதி மன்றத்தில் அவளுக்கும் ஒரு சட்டத்தரணி வேண்டும்

கொழும்பு மாளிகாவத்தைத் தொடர்மாடிகளிலிருந்து மாளிகாகந்த நீதவான் நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். பழுதான உணவு விற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கடைக்காரர் அங்கே தனக்காகப் பேச ஒரு சட்டத்தரணியை அமர்த்திக்கொள்ளலாம். அது அவருடைய உரிமை. அதே தொடர்மாடியில் வாழும் முஸ்லிம் பெண் ஒருத்தி, அடிக்கும் கணவனிடமிருந்து விவாகரத்துக் கேட்டு, முஸ்லிம்களின் விவாகரத்து வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றம் போனால், அவளுக்காக எந்தச் சட்டத்தரணியும் அங்கே வாய்திறக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. இந்தத் தடை நீக்கப்பட வேண்டும். அச்சட்டத்தின் மற்றக் குறைகள் பற்றிய சர்ச்சை ஓயும் வரை காத்திராமல், முதல் வேலையாக நீக்கப்பட வேண்டும்.

தடை இரு தரப்புக்கும் பொதுவானதுதானே என்பார்கள். ஏட்டில் அப்படித்தான். ஆனால் இருவருக்கும் இருக்கும் சுமை ஒன்றல்ல. தலாக் சொல்ல விரும்பும் கணவன், மனைவி வாழும் பிரதேசத்தின் காதியிடம் அறிவித்தல் கொடுக்கிறான். காதி சமரசத்துக்கு முயல்கிறார். முப்பது நாட்களில் இணக்கம் வராவிட்டால், இரண்டு சாட்சிகள் முன் தலாக் சொல்லப்படுகிறது. கணவன் எந்தக் காரணத்தையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பஸ்ஹ் எனும் விவாகரத்தைக் கேட்கும் மனைவியோ கணவனின் குற்றத்தைக் காதிக்கும் அவரோடு அமரும் மூன்று மதியுரைஞர்களுக்கும் முன்னால், சாட்சி வைத்து நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்க எதுவுமில்லாதவனுக்குச் சட்டத்தரணி தேவைப்படாது. தேவைப்படுகிறவளுக்குத்தான் அது மறுக்கப்படுகிறது.

அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். விவாகச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் என்ட்ரியின் பிரதி. இவற்றில் எது சாட்சியம், எது வெறும் கடதாசி என்பது அவளுக்குத் தெரியாது. என்ட்ரி போட்ட பொலிஸ் அலுவலரை அழைக்கக் கேட்கலாமா, அடிபட்டதைப் பார்த்த அயல்வீட்டுத் தாத்தாவின் வாய்மொழி போதுமா, கணவன் தர வேண்டிய மஹரையும் பெண் வீட்டார் கொடுத்த கைக்கூலியையும் இதே மன்றத்தில் கோரலாமா? கோரலாம் என்று சொல்ல அங்கே யாருமில்லை. பல காதி விசாரணைகள் பள்ளிவாசலை ஒட்டிய அறையிலோ காதியின் சொந்த வீட்டிலோதான் நடக்கின்றன. அடுத்த வழக்குக்குக் காத்திருப்பவர்கள் காதுகொடுத்துக் கேட்க, படுக்கையறை விடயங்களை அவள் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. தீர்ப்புச் சொல்பவர் நீதிச் சேவை ஆணைக்குழு நியமித்த முஸ்லிம் ஆண். அவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. பெண் ஒருவர் காதியாக முடியாது.

இந்தக் கதை விவாகரத்தோடும் முடிவதில்லை. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் காதிக்கு இல்லை. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. அங்கே முதலில் பார்க்கப்படுவது பிள்ளையின் நலன். தாபரிப்புக்குக் காதி கட்டளையிடலாம், ஆனால் கணவன் கட்டாவிட்டால் நிலுவையை அறவிடுவது நீதவான் நீதிமன்றம். அடி உதையிலிருந்து பாதுகாப்புக் கேட்பதும் நீதவானிடம்தான். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மதம் பார்ப்பதில்லை. அதன்கீழ் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை பெறலாம். ஒரே குடும்பத்தின் பிரச்சினை இப்படி மூன்று மன்றங்களுக்குப் பிரிந்து கிடக்கிறது. எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று வழிகாட்டக்கூடிய ஆளை முதற் கதவிலேயே வெளியே நிறுத்திவிட்டு, இது ஏழைகளுக்கான எளிய நீதி என்கிறோம்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் இந்து, கிறிஸ்தவப் பெண்ணுக்கு எல்லாம் இனிதாக இருக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிறர் தொடர்பு, வன்மத்துடன் கைவிடல், தீராத ஆண்மையின்மை ஆகியவற்றில் ஒன்றை நிரூபித்தாலன்றி விவாகரத்துக் கிடைக்காது. மனம் ஒத்துப் பிரிய விரும்பும் தம்பதியரும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டாக வேண்டிய கொடுமை அது. என்றாலும் புதுக்கடை நீதிமன்றத்தில் அவள் பக்கத்தில் ஒரு சட்டத்தரணி நிற்கிறார். அதே நகரத்தில், அதே மொழி பேசும், அதே துன்பத்தோடு வரும் முஸ்லிம் பெண்ணுக்கு அந்தத் துணை இல்லை. மணமக்கள் இருவரும் முஸ்லிம்களாயின் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மணமுடிக்கும் வழியும் அவர்களுக்கு விடப்படவில்லை.

எதிர்வாதங்கள் உண்டு. சட்டத்தரணிகள் நுழைந்தால் செலவும் தவணையும் கூடும், சமரசம் கெடும் என்பது முதலாவது. 2020 மே 21ஆம் திகதி, நோன்பு மாதத்தில், இதே மாளிகாவத்தையில் பண உதவி வாங்கத் திரண்ட நெரிசலில் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். அத்தகைய வறுமை உள்ள இடத்தில் சட்டத்தரணிக் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படுவது நியாயமே. ஆனால் அந்த வறுமையில் மாதத் தாபரிப்பின் ஒவ்வொரு ஆயிரம் ரூபாயும் உயிர்ப் பிரச்சினை. 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு வசதியற்றோருக்கு இலவசமாகச் சட்டத்தரணிகளை வழங்குகிறது. இன்றைய தடை அந்த இலவசச் சட்டத்தரணியையும் சேர்த்தே வெளியே தள்ளுகிறது. தவணை இழுபடும் என்ற அச்சத்துக்கு மருந்து, கால எல்லை விதிப்பது.

ஷரீஆவுக்கு முரண் என்பது இரண்டாவது வாதம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிப்பதை இஸ்லாமியச் சட்ட மரபு ஏற்கிறது. மலேசியாவின் ஷரீஆ நீதிமன்றங்களில் அதற்கெனத் தகுதிபெற்ற சட்டத்தரணிகள் வாதாடுகிறார்கள். 2010இல் அங்கே பெண்கள் ஷரீஆ நீதிபதிகளாகவும் நியமிக்கப்பட்டார்கள். அங்கே மார்க்கத்துக்கு ஏற்றது கொழும்பில் மட்டும் எப்படி விரோதமாகும்?

மூன்றாவது வாதமே கனமானது: சீர்திருத்தம் காதி முறையையே ஒழிப்பதில் போய் முடியும் என்ற அச்சம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின், சீர்திருத்தம் என்ற பேச்சு முஸ்லிம்களைத் தண்டிக்கும் தொனியில் எழுந்தது. 2021இல் 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்கு, முஸ்லிம்களுக்கு எதிரான பிரசாரத்தால் அறியப்பட்ட பௌத்த பிக்கு ஞானசார தேரர் தலைவராக்கப்பட்டபோது அந்த அச்சம் வலுத்தது. அச்சம் உண்மையானது. ஆனால் காதி முறையையே ஒழிக்கும்படி நாம் கேட்கவில்லை. முறை நிலைக்க வேண்டுமானால், அதில் நியாயம் கிடைக்கிறது என்று அதன் வாசலுக்கு வரும் பெண்கள் நம்ப வேண்டும். மாற்றத்தை முதலில் கேட்டவர்களும் வெளியார் அல்லர். பல பத்தாண்டுகளாகப் போராடிவரும் முஸ்லிம் பெண்களே அவர்கள்.

அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் குழுக்கள்தான். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு தன் அறிக்கையைக் கையளித்தது 2018இல். அதுவும் உறுப்பினர்கள் இரு அணிகளாகப் பிரிந்து. 2021இல் அமைச்சரவை எடுத்த முடிவுகளும் சட்டமாகவில்லை. நீதிமன்றம் போய்ச் சமத்துவம் கேட்கலாம் என்றால், பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லுபடியாகும் என்று அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே பாராளுமன்றமே ஒரே வழி.

திருமண வயது, பலதார மணம், மணமகளின் கையொப்பம் ஆகியவற்றில் அணிகள் மோதிக்கொண்டே இருக்கலாம். 74ஆம் பிரிவை நீக்க அந்த மோதல் முடிய வேண்டியதில்லை. அதை நீக்குங்கள். கொழும்பின் காதி மன்றங்களுக்கு விசாரணை நாட்களில் சட்ட உதவி ஆணைக்குழுவின் தமிழ் பேசும் சட்டத்தரணி ஒருவரை, இயலுமானால் பெண்ணொருவரை, அனுப்புங்கள்.

அதுவரை பெண்களுக்கு ஒரு சொல். காதி மன்றத்துக்குள் சட்டத்தரணி வர முடியாவிட்டாலும், மன்றத்துக்குப் போகுமுன் அவரைப் பார்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகம் புதுக்கடையில்தான் இருக்கிறது. விண்ணப்பத்தை அங்கே காட்டி எழுதுங்கள். ஃபைலை அங்கே ஒழுங்குபடுத்துங்கள். தாபரிப்பையோ பிள்ளையையோ விட்டுக்கொடுப்பதாக நீட்டப்படும் எந்தக் கடதாசியிலும், ஒரு சட்டத்தரணி வாசித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.