விலையும் மதிப்பும்

வடுகபட்டிச் சந்தைக்கு மலைப்பூண்டு வாங்க வரும் வியாபாரி, மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. பல்லின் பருமன் என்ன, ஈரம் காய்ந்திருக்கிறதா, எடை சரியா என்று சோதித்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுப்பார். சரக்கின் மதிப்பு வேறு, அதற்குக் கேட்கப்படும் விலை வேறு என்பதை அவருக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. அவ்வளவு விவேகமுள்ள நம் ஜனங்கள், கைப்பேசி வழியே பங்குச் சந்தைச் சரக்கை வாங்கும்போது மட்டும் உள்ளே இருப்பது என்னவென்று கேளாதிருப்பது விசனிக்கத் தக்கதாகும்.

ஈ.டி.எப். எனப்படும் பண்டைப் பற்றியே இங்கு முக்கியமாகக் கூற விரும்புகிறோம். ஒரு ஸ்தாபனம் பல கம்பெனிகளின் பங்குகளையோ, தங்கத்தையோ, வெள்ளியையோ வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றின் பேரில் சிறு யூனிட்டுகளை வெளியிடுகிறது. அந்த யூனிட்டுகள் பங்குகளைப் போலவே சந்தை நேரம் முழுதும் கைமாறுகின்றன. நிப்டி குறியீட்டைப் பின்பற்றும் பண்டு 2002-லும், தங்கத்தை ஆதாரமாகக் கொண்டது 2007-லும், வெள்ளியை ஆதாரமாகக் கொண்டது 2022-லும் நம் நாட்டுச் சந்தைக்கு வந்தன. சொற்பச் செலவில் தேசத்தின் பெருந்தொழில்களில் சாமானியரும் பங்கு கொள்ள இது நல்ல சாதனமே. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பங்கொன்று 25 ரூபாய் என வைத்து முதல் திரட்டினார். சிறு முதல்கள் சேர்ந்து பெருந்தொழிலாவதைப் போற்றும் நாம், இந்த ஏற்பாட்டைப் பழிக்க நியாயமில்லை.

ஆயினும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரண்டு கணக்குகள் உண்டு. உள்ளிருக்கும் சொத்தின் மதிப்பு ஒன்று. சந்தையில் கேட்கப்படும் விலை மற்றொன்று. சாதாரண நாட்களில் இவ்விரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். விலை அதிகமானால், பெரிய வியாபாரிகள் பண்டிடம் சொத்தையோ பணத்தையோ கொடுத்துப் புது யூனிட்டுகளைப் பெற்றுச் சந்தையில் விற்பார்கள். விலையும் இறங்கி மதிப்போடு ஒட்டிவிடும். புது யூனிட்டுகள் வரும் வழி சுருங்கினால் விலையைத் தடுத்து நிறுத்துவார் இல்லை.

2025 அக்டோபரில் இத்தகைய நிலையே ஏற்பட்டது. வெள்ளிக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. தீபாவளியை ஒட்டி நம் நாட்டில் கிராக்கியும் மிகுந்தது. வெள்ளி ஈ.டி.எப். யூனிட்டுகள் உள்மதிப்பைவிட மிகுந்த விலைக்கு விற்றன. கோடக், எஸ்.பி.ஐ., யு.டி.ஐ. முதலிய ஸ்தாபனங்கள், அந்த யூனிட்டுகளில் முதலிடும் தங்கள் பண்டுகளுக்கு மொத்தமாகப் பணம் பெறுவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தன. 100 ரூபாய் மதிப்புள்ளதை 110 ரூபாய்க்கு வாங்கியவர், அம்மிகை மறைந்ததும், வெள்ளியின் விலை காசளவும் குறையாமலே 10 ரூபாயை இழப்பார். அந்நிய நாட்டு ஈ.டி.எப்.களில் நம் பண்டுகள் முதலிடுவதற்கு 100 கோடி டாலர் என்ற வரம்பு உண்டு. அது நிரம்பும் தறுவாயில், 2024 ஏப்ரல் முதல் அவ்வகையில் புதுப் பணம் பெறுவதை நிறுத்துமாறு செபி பணித்தது. அமெரிக்க நாஸ்டாக் பங்குகளைக் கொண்ட யூனிட்டுகளும் மதிப்பை மீறி விலைபோயின.

இதனினும் கொடியது, அதே கைப்பேசித் திரையில் பக்கத்திலேயே விற்கப்படும் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம். சொத்துள்ளவர் விலை வீழ்ச்சிக்குக் காப்பாக அதைக் கையாள்வது வேறு விஷயம். சொத்தில்லாதவருக்கு அது கெடு தேதி வைத்த பந்தயமே. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளில், இதில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவிகிதத்தினர் நஷ்டமடைந்தனர் என்றும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் செபியே 2024-ல் கணக்கிட்டுச் சொல்லிற்று. 2023-24-ல் மட்டும், செலவு நீக்குமுன், சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், அந்நிய முதலீட்டாளர் சுமார் 28,000 கோடியும் லாபம் ஈட்டினர். அவ்லாபத்தில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் சூத்திரங்களால் ஈட்டப்பட்டது. இந்த யந்திரத்தோடு தனிமனிதன் விரலால் போட்டியிடுவது எங்ஙனம்?

ஆதலால் செபியையும் மத்திய சர்க்காரையும் நாம் கேட்பது இதுவே. யூனிட்டின் உள்மதிப்பைப் பண்டு ஸ்தாபனங்கள் தத்தம் இணையதளங்களில் வெளியிட்டால் மட்டும் போதாது. வாங்கும் திரையிலேயே, விலைக்குப் பக்கத்தில், தெளிவான தமிழில் அது தெரிதல் வேண்டும். அபாய எச்சரிக்கைகளும் அவ்வாறே இருத்தல் வேண்டும். தாய்மொழியில் விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது.

தேசத் தொண்டர்களுக்கும் இதில் கடமை உண்டு. பெரியகுளம், போடி, கம்பம் வட்டாரங்களின் நூலகங்களிலும் விவசாயிகள் கூட்டங்களிலும் இவ்விஷயத்தை எடுத்துரைப்பார்களாக. வாங்குமுன் உள்மதிப்பைப் பார்த்தல். இன்ன விலைக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு கட்டி ஆர்டர் கொடுத்தல். தினசரி வியாபாரம் மெலிந்த யூனிட்டுகளை விலக்குதல். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ சந்தையில் இறங்காதிருத்தல் ஆகிய நான்கையும் நம் ஜனங்கள் கைக்கொள்வாராயின், உழைத்துச் சேர்த்த பொருள் அவர்கள் வீட்டிலேயே தங்கும். சுதேசி முதல் பெருக வேண்டும் என்பதே நம் விருப்பம். அது விவரமறிந்தோரின் முதலாகப் பெருகுக.